மூன்றாம் பதிப்பில் இடமில்லாதவர்கள்

'ஏழு கரை' ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு பார்சலில் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தப் பதிப்பில் இடம் கிடைக்காதவர்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டமாக வரவில்லை, ஆரவாரமாகவும் வரவில்லை. திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆளுக்கொரு தெருவுக்கு வழி கேட்டுப் போகிறவர்களைப் போல, கையில் ஒரு மூட்டையும் முகத்தில் வெயிலுமாகத் துறைமுகச் சாலையிலிருந்து ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். வந்தவர்களில் ஒருவனுக்கு நிழல் இரண்டு இருந்தது. பெட்டிக்கடையில் சோடா குடித்துவிட்டு அதில் ஒன்றைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தான். மே மாதம் என்பதால் அவரும் வாங்கி வாசலில் விரித்துக்கொண்டார்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருவர் கதைக்காரர், கடல் எப்படி இருக்கிறது, கதவை யார் தட்டுகிறார்கள், குகைக்குள் எது மூச்சுவிடுகிறது என்று அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளை மனதில் உண்டாக்கி, பேர் வைத்து, தொழில் கொடுத்து, அந்த ஆளாகவே பேசுவோம். முடியுமா முடியாதா என்ற இடம் வந்தால் பகடை உருட்டுவோம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக எங்கள் ஊரில், மீரான் பாயின் ஜெராக்ஸ் கடை மாடியில், பூசை முடித்து வந்தவர்களும் நைட் டூட்டி முடித்து வந்தவர்களும் பிரியாணி தின்ற கையை இன்னும் மோந்துகொண்டே வந்தவர்களும் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டைபோட்டு உட்கார்ந்து, வருஷக்கணக்காக, ஞாயிறு தவறாமல், பொழுது சாயும்வரை இல்லாத கடலில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தோம்.

சென்னையில் இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. இரண்டாம் பதிப்பின் விதிகள் சிக்குப் பிடித்த வலை மாதிரிக் கிடந்தன. புதிதாக வருகிறவர்கள் ஒரு ஞாயிறு வந்து, விழித்து, மறு ஞாயிறு வேறு வேலை இருக்கிறது என்பார்கள். அதனால் அவர்கள் விதிகளைச் சுருக்கினார்கள். கரைகளோடு முடிந்துபோயிருந்த வரைபடத்தில் பெருங்கடலைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டிய சில தொழில்களை எடுத்துவிட்டார்கள்: பூட்டுப்பேசி, நிழல்வாங்கி, எலும்புபாடி, காற்றுக்கட்டி. எடுத்தது சரிதான் என்று பாதிப் பேர் சொன்னோம். எங்கள் இத்தனை வருஷத்தை யாரைக் கேட்டு அழித்தார்கள் என்று பாதிப் பேர் சொன்னோம். புத்தகம் வருவதற்கு முன்பே மாடி இரண்டாகப் பிரிந்து, ஜன்னல் பக்கம் புதியவர்கள், படிக்கட்டுப் பக்கம் பழையவர்கள் என்று ஆகி, டீ ஃபிளாஸ்க்கூட இரண்டாகிவிட்டது. மின்விசிறி மட்டும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சுற்றியது.

வந்தவர்கள் எல்லாரும் தங்களை உண்டாக்கியவர்களின் வீட்டைக் கேட்டுப் போனார்கள்.

தவசிங் வீட்டுக்குச் சில்லான் வந்தான். தவசிங் எங்கள் ஊரில் போலீஸ் ஏட்டு. ஆட்டத்தில் மட்டும் திருடன். பூட்டின் காதில் இரண்டு வார்த்தை சொன்னால் அது திறந்துகொள்ளும், அதுதான் பூட்டுப்பேசியின் தொழில். வாசலில் நின்ற சில்லானை ஏட்டையா மேலும் கீழும் பார்த்தார். தன்னுடைய மீசையே அவனுக்கும் இருந்தது, கொஞ்சம் கூடுதல் கறுப்பாக.

"உள்ள வரலாமா?" என்றான் சில்லான்.

"பூட்டியிருந்தா மட்டும் நீ வெளியவே நின்னுருவியாக்கும்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ரூத், "யாரு அது, உங்க சொந்தமா?" என்று கேட்டாள்.

"ஒரு வகையில."

"சாப்பிட்டாச்சான்னு கேளுங்க."

அவ்வளவில் அந்த வீட்டில் அவன் சேர்ந்தான். எங்கள் ஊர் அவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று ஒருபோதும் கேட்கவில்லை. வாடகைக்கு விடுகிறவர்கள், கருவாடு பொரிப்பார்களா, தண்ணீர் எவ்வளவு புழங்குவார்கள் என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் சொந்த ஊர் எது என்று கேட்டு, மூன்றாம் கரை என்று பதில் வந்ததும், அது எந்தத் தாலுகா என்று கேட்டார்கள். பங்குச்சாமியார், ஞானஸ்நானம் ஆனதா என்று கேட்டார். ஆகவில்லை, ஆனால் ஒருமுறை செத்து எழுந்திருக்கிறேன், பகடையில் ஆறு விழுந்தது என்று நிழல்வாங்கி சொன்னதும், அவனை முன்வரிசையில் உட்காரச் சொன்னார். எலும்புபாடிக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. கையை முறித்துக்கொண்டு வந்து அலறும் பிள்ளைகளுக்கு அவள் பாடினாள், எலும்பும் பிள்ளையும் சேர்ந்து தூங்கின. சாவி தொலைத்தவர்கள் ஏட்டையா வீட்டுக்கு வந்தார்கள். ஏட்டையா முதலில் அது உங்கள் வீடுதானா என்று விசாரித்துவிட்டு, பிறகு சில்லானை அனுப்பிவைத்தார்.

கொண்டலி அல்போன்ஸ் கொரைராவின் வீட்டுக்கு வந்தாள். அவளை உண்டாக்கியது அல்போன்ஸ் அல்ல, அவர் மனைவி தெக்லா.

தெக்லா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சும் சிரிப்பும் சத்தமும் நிறைந்த பெண். கொண்டலி என்ற காற்றுக்கட்டியை உண்டாக்கி, கச்சான், வாடை, சோழகம் என்று எல்லாத் திசைக் காற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு, எந்தக் கப்பலிலும் முதல் ஆளாகக் கால் வைத்து, எங்கள் எல்லாரையும் திண்டாட வைத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் இறந்துபோனாள். துக்கம் முடிந்து அல்போன்ஸ் மாடிக்கு வந்த முதல் ஞாயிறு, மீரான் பாய் தயங்கித் தயங்கி, "கொண்டலி எங்கயோ கப்பலேறிப் போயிட்டான்னு வச்சுக்கிடலாமா?" என்று கேட்டார். துறைமுகத்தில் கப்பல் சரக்கு எண்ணும் வேலையிலிருந்த அல்போன்ஸ் அதிகம் பேசாதவர். "வேண்டாம். அவளுக்கும் நானே பேசுதேன்" என்றார். அன்றிலிருந்து அவர் இரண்டு பேருக்குப் பேசினார், தன் ஆளுக்கு ஒரு குரலில், அவளுடைய ஆளுக்குக் கொஞ்சம் உயர்ந்த குரலில். நாங்களும் இரண்டு பேருக்கும் பதில் சொல்லப் பழகிக்கொண்டோம்.

அந்த ஞாயிறு கொண்டலி அவர் வாசலில் நின்று, "தெக்லா எங்க?" என்றாள்.

"இல்ல."

"வெளிய போயிருக்காளா?"

"இல்லம்மா. போயிட்டா."

அவள் படியில் உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்து, எதிர்வீட்டு நிழல் தெருவைக் கடந்து அவள் காலைத் தொடும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையில் ஒரு முடிச்சை அவிழ்த்தாள். அதிலிருந்து வந்த சிறிய காற்று வீட்டுக்குள் போய், காலண்டரைப் புரட்டி, தையல் மிஷின் மேல் கிடந்த துணியைத் தூக்கி, அடுக்களைவரை போய்த் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் பின்வாசல் வழியாக வெளியே போனது. அல்போன்ஸ் அவளுக்கு மாடியறையைத் திறந்துவிட்டார்.

சில வாரங்களில் அவளில்லாமல் எங்கள் தெரு எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டது. துணி காயப்போடும் கம்பியின் மூலையில் அவள் ஒரு கச்சானை முடிந்துவைத்தாள். ஐப்பசியிலும் சேலைகள் காய்ந்தன. உப்பளத்துக்காரர்கள் வந்து, உப்பு வாரும் நாளில் மழைக்காற்று வராமல் பிடித்துவைக்கச் சொன்னார்கள். வள்ளத்துக்காரர்கள் துண்டோடு வந்து நின்றார்கள். துண்டின் ஓரத்தில் அவள் முடிந்து கொடுப்பாள், முதல் முடிச்சை அவிழ்த்தால் கரைக்குத் திரும்ப நல்ல காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் பாய் கிழியும் காற்று, மூன்றாவதை அவிழ்க்கவே கூடாது. மீன்காரப் பெண்கள் கூடைக்கு மேல் கட்ட ஈர வாடைக்காற்று வாங்கிப் போனார்கள். மின்கம்பத்தில் காற்றைக் கட்டுவதாகப் புகார் போய், மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பக்குவமாகச் சொன்னார்; அவள் வேப்பமரத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஒன்றுதான் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அவ்வளவு காற்றைக் கையில் வைத்திருந்தவள் வள்ளத்தில் ஏறமாட்டாள். கடற்கரைக்கு வருவாள், ஈரமணல் தொடங்கும் இடத்தில் நின்றுகொள்வாள். அது அவர்கள் தொழில் வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டோம்.

அல்போன்ஸ் மாறினார். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டார். கொண்டலியின் முகம் தெக்லாவின் முகம் இல்லை, குரலும் இல்லை. ஆனால் பேச்சு அவளுடையது. கரண்ட் போனால், "என் பங்குக்கு நான் பயந்தாச்சு, இனி உங்க முறை" என்பாள். அது தெக்லா நான்காம் கரைக் குகையில் நின்று எங்களிடம் சொன்னது. அவர் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மாடியில் இதற்குள் ஒவ்வொரு மேசையாக மூன்றாம் பதிப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. அது எப்படி நடந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒருவர் சும்மா ஆடிப் பார்ப்போமே என்று போவார், திரும்பி வரமாட்டார், அவரைக் கூப்பிடப் போனவரும் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். பெருங்கடல் அப்படி இழுத்தது. நிழல்வாங்கியின் மேசையில் கடைசி ஆளும் மாறிய மறுநாள், பெட்டிக்கடைக்காரர் அவனிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, அவன், "இந்த நிழல் அரசனுடையது, இதற்கு விலை இல்லை" என்றான். டீ வேண்டுமா என்றதற்கும் அதையே சொன்னான். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த மேசையில் ஆட்டம் நின்றுபோகிறதோ, அந்த மேசையின் ஆள் அதன் பிறகு புதிதாக எதையும் பேசமாட்டான். முன்பு மேசையில் பேசிய பேச்சு மட்டுமே வாயில் இருக்கும், அதிகம் பேசியது அதிகமாக வரும்.

ஊரும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. பெட்டிக்கடைக்காரர் அவனிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் தன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார்; இடையிடையே விலை இல்லை, விலை இல்லை என்று வரும் பதில் அவருக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது. ஆனால் மாடியில் சண்டை முற்றியது. புதியதை ஆடுகிறவர்கள் கொலைகாரர்கள் என்று பழையவர்கள் சொன்னார்கள். அதை இசக்கிராணியின் முகத்துக்கு நேராகவே, படிக்கட்டில் வைத்து, தவசிங் ஏட்டையா சொன்னார்.

இசக்கிராணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களோடு சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பழைய ஆட்டத்தில் அவளுக்கென்று ஓர் ஆளை உண்டாக்கி முடிக்கும் முன்பே பதிப்பு மாறிவிட்டதால், அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டையா, பழசுல நான் என்ன கேட்டாலும் 'அது பின்னால ஒரு அத்தியாயத்துல இருக்கு'ன்னு சொன்னிய. ஒருத்தரும் வாயத் தொறந்து வெளக்கல. ரெண்டு மாசம் சும்மா உக்காந்துட்டுப் போனேன், தெரியுமா? புதுசு வந்தப்புறம்தான் நானும் ஒரு வார்த்த பேசுதேன். நான் பேசுதது குத்தம்னா சொல்லுங்க, வரல."

ஏட்டையா மேலே ஏறிப் போனார். ஆனால் அடுத்த ஞாயிறு பழையவர்களைக் கூட்டி, என்ன ஆனாலும் தன் மேசையில் பழைய ஆட்டம் நிற்காது என்று சொல்லி, அப்படியே நடத்தினார். சில்லான் நன்றாகப் பேசிக்கொண்டு, ரூத்துக்குத் தேங்காய் துருவிக்கொடுத்துக்கொண்டு, நன்றாகவே இருந்தான். வேறு சிலர் புதிய புத்தகத்தின் கடைசியில் இருந்த 'கரை மாறுதல்' வழியைப் பார்த்தார்கள். பழைய ஆள் ஒருவர் தன் தொழிலை இங்கேயே விட்டுவிட்டால் புதிய கடலுக்குப் போகலாம்; அதற்கு ஆடுகிறவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்; அதுவரை தன் வாயில் வராத ஒரு பேச்சை அந்தப் பழைய ஆள் பதிலாகச் சொல்ல வேண்டும். எலும்புபாடி அப்படித்தான் போனாள். மாவுக்கட்டு அறையில் அவள் ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை.

அல்போன்ஸின் மேசையும் நின்றது. இருந்தவர்களில் ஒருவருக்கு மதுரைக்கு மாற்றல், மற்றவர்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள். தவசிங் வந்து, "கொண்டலியக் கூட்டிட்டு எங்க மேசைக்கு வாரும்வே" என்று கூப்பிட்டார். பார்க்கலாம் என்றவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. மேசை நின்ற நாளிலிருந்து கொண்டலியின் வாயில் புதிதாக ஒன்றும் வரவில்லை, தெக்லா சொன்னது மட்டுமே வந்தது. மற்ற வீடுகளில் சாவு மாதிரி வந்தது அவர் வீட்டில் திருவிழா மாதிரி வந்தது. எந்தக் கேள்விக்கு எந்தப் பேச்சு வரும் என்று அவர் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். குழம்பு எப்படி என்றால், "இதத் தின்னுட்டு அந்தப் பூதம் செத்துருந்தா நமக்கு இவ்வளவு வேல இருந்திருக்காது" என்று வரும். மழை வருமா என்றால், "காத்துக்கு முதுகக் காட்டாதீங்க, அதுக்குக் கோவம் வரும்" என்று வரும். இரண்டு வருஷமாகப் பேச்சில்லாமல் கிடந்த வீட்டில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாள் போகப் போக ஒரு பேச்சு மட்டும் மற்றவற்றை ஓரம் தள்ளி முன்னால் வந்தது. "நீங்க போயிட்டு வாங்க. நான் கரையிலயே நிக்கேன்." காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அது பொருத்தமாகத்தான் இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டாலும் அதுவே வந்தது. குழம்பு எப்படி என்றாலும் அதுவே. கரண்ட் போன ஒரு சாயங்காலம் அவர் ஆசையாகக் காத்திருந்தார், இருட்டுக்குள்ளிருந்து, "நீங்க போயிட்டு வாங்க. நான் கரையிலயே நிக்கேன்" என்று வந்தது. தெக்லா இதை எப்போது சொன்னாள் என்று யோசித்து யோசித்து, நினைவுக்கு வராமல், மறுநாள் மீரான் பாயின் கடைக்குப் போய்க் கேட்டார்.

மீரான் பாய் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார்.

"அது டீச்சர் சொன்னதில்ல, அல்போன்ஸ்."

"பின்ன?"

"நீரு சொன்னது."

"நான் எப்ப சொன்னேன்?"

"எப்பவும்தான். டீச்சர் இருந்தவரைக்கும் கொண்டலிதான் கப்பல்ல மொத ஆளா ஏறுவா. நீரு அவளுக்காகப் பேச ஆரம்பிச்ச பெறகு ஒரு தடவகூட ஏறல. ஒவ்வொரு தடவையும் கப்பல் கெளம்பும், உம்ம ஆளு ஏறுவான், அவள மட்டும் நிப்பாட்டிருவீரு. பகடை தப்பா விழுந்துட்டா என்ன செய்யன்னு பயம். எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"எப்படிச் சொல்ல?" என்றார் மீரான் பாய். "நீரே சொல்லும், எப்படிச் சொல்ல?"

அல்போன்ஸ் வீட்டுக்குப் போகவில்லை, கடற்கரைக்குப் போனார். கொண்டலி அங்கேதான் இருந்தாள். ஈரமணல் தொடங்கும் கோட்டில் அவள் நிற்கும் இடத்தில் இரண்டு குழி விழுந்திருந்தது. குதிகால் ஆழம், அலை வந்து அழிக்க முடியாத தூரம். அவர் அவள் கையைப் பிடித்து ஓர் அடி முன்னால் கூட்டிப்போகப் பார்த்தார். அவளும் வரத்தான் பார்த்தாள். கால் எழும்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கெஞ்சுகிறவளைப் போல, "நீங்க போயிட்டு வாங்க" என்று தொடங்கினாள். அல்போன்ஸ் அந்த மணலில் உட்கார்ந்து அழுதார். தெக்லாவை அடக்கம் செய்த அன்றும் அவர் அப்படி அழுததில்லை என்று வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். கரை மாறுதல் என்றதும் படிக்கட்டுப் பக்கமும் ஜன்னல் பக்கமும் எழுந்து வந்து ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். அல்போன்ஸ் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"கொண்டலி, உனக்கு என்ன வேணும்?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் கரையிலயே நிக்கேன்."

மறுபடி கேட்டார். மறுபடி அதுவே. தெக்லாவைப் போலக் குரலை உயர்த்திக் கேட்டார். "என் பங்குக்கு நான் பயந்தாச்சு" என்று ஒருமுறை வந்தது, உடனே பழையபடி கரைக்குப் போய்விட்டது. கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். அல்போன்ஸ் எழுந்தார். சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், எல்லாரும் தெக்லாவின் குரலை அறிந்தவர்கள். கடைசியில் ஜன்னலோரம் நின்ற இசக்கிராணியைப் பார்த்தார்.

"நீ கேளும்மா."

"நானா? எனக்கு அவங்களப் பத்தி ஒண்ணும் தெரியாதே அண்ணே. டீச்சரையும் நான் பாத்ததில்ல."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

இசக்கிராணி ஸ்டூலை இழுத்து, நோயாளியின் கட்டிலருகே உட்காருவதைப் போல நெருங்கி உட்கார்ந்தாள். "எக்கா," என்றாள், "உங்களுக்கு என்ன வேணும்?"

கொண்டலியின் வாய் திறந்தது. கரை வந்தது, பூதம் வந்தது, பயம் வந்தது, காற்றின் முதுகு வந்தது. தெக்லா சொன்ன அத்தனையும் அல்போன்ஸ் சொன்ன அந்த ஒன்றும் மாறி மாறி வந்து தீர்ந்தன. இசக்கிராணி எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை, தலையை ஆட்டவும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். ஏட்டையா வியர்வையைத் துடைக்கவும் பயந்து நின்றார்.

"கப்பல் எங்க நிக்குது?" என்றாள் கொண்டலி.

அந்தக் கேள்வியை அவளுக்காக எங்கள் மாடியில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

தொழிலை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அன்று பிற்பகல் முழுக்க அவள் ஊரைச் சுற்றி, கட்டிவைத்த காற்றையெல்லாம் அவிழ்த்தாள். உப்பளத்து மூங்கில்களில் இருந்ததை அவிழ்த்தபோது உப்புத்தூள் எழுந்து லாரிகளும் ஆட்களும் வெள்ளையானார்கள். வேப்பமரத்தில் இருந்ததை அவிழ்த்தபோது பழமெல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்தது. வள்ளத்துக்காரர்கள் துண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார்கள், மூன்றாவது முடிச்சை அவிழ்க்கும்போது ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துணிக்கம்பியின் மூலையை அவிழ்த்தபோது எங்கள் தெருவின் சேலைகளும் வேட்டிகளும் பள்ளிக்கூடச் சட்டைகளும் கிளம்பி, மாதா கோயில் பக்கம் ஒரு வட்டம் போட்டு, யார் வீட்டிலோ யாருடையதோ என்று வந்து இறங்கின. அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், ஆட்டத்துக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த சிலர் வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். அவள் நகத்துக்கு வராத முடிச்சுகளை அல்போன்ஸ் பல்லால் இழுத்துக் கொடுத்தார்.

முந்தானையில் ஒன்று மிச்சமிருந்தது. முதல் நாள் ஆட்டத்தில் தெக்லா முடிந்த காற்று.

"அத மட்டும் வச்சுக்கிடலாமே" என்றார் அல்போன்ஸ்.

"நீங்க வச்சுக்கிடுதியளா?" என்று அவள் முந்தானையை அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி வைத்திருந்தார். பிறகு அவரே அவிழ்த்தார். அது பெரிய காற்றாக இல்லை. அவர் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போயிற்று. கொண்டலி ஈரமணலைத் தாண்டித் தண்ணீரில் நடந்தாள். எங்களுக்குக் கப்பல் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஓர் இடத்தில் காலைத் தூக்கி எதன்மேலோ வைத்து ஏறினாள்.

அடுத்த ஞாயிறு ஏட்டையாவின் மேசை படிக்கட்டுப் பக்கம் எப்போதும்போல நடந்தது. ஜன்னல் பக்கம் மீரான் பாய் கதைக்காரராக உட்கார்ந்தார், புதிய கடலில் கொண்டலிக்கு இசக்கிராணி பேசினாள். அல்போன்ஸ் புதிதாக ஓர் ஆளை உண்டாக்கியிருந்தார், கப்பல் சமையல்காரன். விதிகள் பிடிபடவில்லை, எந்தப் பகடை, எத்தனை பகடை என்று ஒவ்வொன்றுக்கும் இசக்கிராணியைக் கேட்டார், அவளும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். கப்பல் கிளம்பி, கரை மறைந்து, பெருங்கடலின் நடுவே வந்தபோது மீரான் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேற்கே வானம் கறுத்துவிட்டது, பாய்மரத்தின் உச்சிக்கயிறு சிக்கிக்கொண்டது, யாராவது ஏறி அதை வெட்டாவிட்டால் கப்பல் கவிழும் என்றார்.

"கொண்டலி என்ன செய்யுதா?"

இசக்கிராணி அல்போன்ஸைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத" என்றார் அவர். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுதேன்" என்றாள் இசக்கிராணி. "கத்திய வாயில கவ்விக்கிட்டு ஏறுதேன்."

மீரான் பாய் பகடையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அல்போன்ஸிடம் திரும்பினார்.

"சமையல்காரன் என்ன செய்யுதான்?"

அல்போன்ஸ் கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சோறு வடிக்கான்" என்றார். "அவ எறங்கி வரும்போது பசிக்கும்லா."